பீட்டர் குஷிங்கின் கைகள்: கென்லியிலிருந்து விட்ஸ்டபிள் வரை

லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து தெற்கே புறப்படும் ரயில்கள் சசெக்ஸ் கடற்கரைக்கும், கிழக்கே புறப்படுபவை கென்ட் கடற்கரைக்கும் பயணிகளைக் கொண்டு சேர்க்கின்றன. இவ்விரு தடங்களோடு பாடிங்டனிலிருந்து மேற்கே மெய்டன்ஹெட் வரை செல்லும் தடத்தையும் சேர்த்துக்கொண்டால், பீட்டர் குஷிங் என்னும் நடிகரின் வாழ்க்கையோடு தொடர்புடைய முக்கியமான இங்கிலாந்து இடங்களை ஒருவர் சில நாள்களில் பார்த்துவிட முடியும். கதையின் காதலையும் வெற்றியையும் சுமக்கும் நாயகனாக அல்லாமல், வயது, தொழில், பேச்சு, நடை ஆகியவற்றால் தனித்து அறியப்படும் ஒரு மனிதராகத் திரையில் வாழ்ந்துகாட்டுபவரைக் குணச்சித்திர நடிகர் என்பது வழக்கம். குஷிங் பல படங்களில் பெயர்ப்பட்டியலின் முதலிடத்தில் இருந்தவர் என்றாலும் அவருடைய கலை முழுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. திகில் பட நடிகர் என்ற பெயர் அவர்மேல் ஆழமாகப் படிந்துவிட்டபடியால், ஒரு பேனாவையோ மெழுகுவத்தித் தண்டையோ கையில் எடுக்கும் விதத்தினாலேயே ஒரு மனிதனின் குணத்தைக் காட்டிவிடும் அவருடைய அரிய திறமை போதிய கவனம் பெறாமல் போயிற்று. அந்தக் கைத்திறன் எங்கே உருவாயிற்று, எங்கே முதிர்ந்தது என்பதை அவர் வாழ்ந்த ஊர்கள் இன்றும் ஓரளவு தெளிவாகவே சொல்கின்றன.

தெற்குத் தடத்தில் லண்டனின் புறநகர்கள் முடியும் தறுவாயில் பர்லி நிலையம் வருகிறது. அங்கிருந்து பிரியும் கிளைத்தடத்தின் தொடக்கத்தில், சுண்ணாம்புக் குன்றுகளின் மடியில், மரங்கள் அடர்ந்த குடியிருப்புப் பகுதியாகக் கென்லி அமைந்துள்ளது. 1913 மே 26 அன்று, அப்போது சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூரில் குஷிங் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு கட்டட அளவு மதிப்பீட்டாளர், அதாவது ஒரு கட்டடத்தை எழுப்புவதற்கு எவ்வளவு பொருளும் கூலியும் தேவைப்படும் என்பதை வரைபடத்திலிருந்தே கணக்கிட்டுச் சொல்பவர்; தந்தைவழிப் பாட்டனாரோ விக்டோரியா காலத்தின் புகழ்பெற்ற நடிகரான ஹென்றி இர்விங்கின் குழுவோடு ஊர் ஊராகச் சென்ற நாடக நடிகர். பாட்டனாரின் தொழில்மேல் பேரனுக்கு இருந்த ஆசையைத் தந்தை விரும்பவில்லை. பர்லியில் பள்ளிப்படிப்பை முடித்த மகனை அவர் கூல்ஸ்டன்–பர்லி நகர்ப்புற மன்றத்தின் நில அளவைப் பிரிவில் உதவியாளராகச் சேர்த்துவிட்டார். வரைபலகையும் அளவுகோலும் கூர்பென்சிலும் சில ஆண்டுகள் குஷிங்கின் அன்றாடக் கருவிகளாயின. அந்த வேலையை அவர் நேசிக்கவில்லை என்பது உண்மையே; ஆயினும் ஒரு பொருளை அதற்குரிய இடத்தில், அதற்குரிய அளவில் வைக்கும் பழக்கம் அவரிடம் ஊன்றியதில் அந்த அலுவலகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று கருதுவதற்கு அவருடைய பிற்கால நடிப்பே போதிய சான்று.

அதே தடத்தில் இன்னும் தெற்கே சென்று, கடற்கரையை எட்டியபின் மேற்கே திரும்பினால் வொர்திங் நகரம் வருகிறது. நீளமான கூழாங்கல் கரையும், கடலுக்குள் நீண்டு செல்லும் பொழுதுபோக்குப் பாலமும் கொண்ட இந்த அமைதியான ஊரில், குஷிங் தொழில்முறை நடிகராக வாழ்க்கையைத் தொடங்கிய கனாட் தியேட்டர் இன்றும் இயங்கிவருகிறது. அங்கிருந்த குழுவின் பொறுப்பாளரும் நடிகருமான பில் ஃப்ரேசருக்கு இளைஞரான குஷிங் வாய்ப்புக் கேட்டு ஓயாமல் கடிதம் எழுதினார். இனிமேல் எழுத வேண்டாம் என்று நேரில் சொல்வதற்காகவே அவரை வரவழைத்த ஃப்ரேசர், இறுதியில் மனம் இரங்கி அன்றைய நாடகத்திலேயே ஒரு சிறு வேடத்தைக் கொடுத்தார் என்பது குஷிங்கின் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. அது ரெப்பர்ட்டரி எனப்படும் நாடகமுறை உச்சத்தில் இருந்த காலம். ஒரே நடிகர் குழு ஒரே அரங்கில் தங்கி, ஒரு நாடகத்தை இரவில் நடித்துக்கொண்டே அடுத்த வாரத்துக்குரிய நாடகத்தைப் பகலில் ஒத்திகை பார்க்கும் ஏற்பாடு இது. இந்த வேகத்தில் ஒரு பாத்திரத்தின் உள்ளத்தை ஆராய்ந்துகொண்டிருக்க நடிகருக்கு நேரம் கிடைப்பதில்லை. மூக்குக்கண்ணாடியை எப்போது கழற்றுவது, கடிதத்தை எந்தக் கையால் பிரிப்பது போன்ற புறச்செயல்களின் வழியாகவே அவர் பாத்திரத்தை விரைவாகப் பிடித்தாக வேண்டும். குஷிங்கின் முறை இங்கே தொடங்கிற்று.

1939-இல், தந்தை எடுத்துக்கொடுத்த ஒருவழிப் பயணச்சீட்டோடு அவர் ஹாலிவுட் சென்றார். 1931-இல் வெளியான ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படத்தை இயக்கிய ஜேம்ஸ் வேல்தான், ‘தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்’ படத்தில் அவருக்கு முதல் வேலையைக் கொடுத்தவர் என்பது, பின்னாளில் நடந்ததை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும். லூயிஸ் ஹேவர்ட் இரட்டை வேடத்தில் நடித்த அப்படத்தில், ஒரு வேடத்தை ஹேவர்ட் நடிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் நின்று மற்ற வேடத்தின் வசனங்களைப் பேசுவது குஷிங்கின் பணி. பிறகு படச்சுருளின் இரு பாதிகளையும் ஒட்டும்போது குஷிங் நின்ற பாதி நீக்கப்பட்டுவிடும். அவருக்கென்று தனியாக ஒரு சிறு வேடமும் அதில் தரப்பட்டது. நகைச்சுவை இரட்டையரான லாரல், ஹார்டியுடன் நடித்த ‘எ சம்ப் அட் ஆக்ஸ்ஃபோர்ட்’ உள்ளிட்ட சில படங்களில் தோன்றியபின், உலகப்போரின் நடுவே, 1942-இல் அவர் தாயகம் திரும்பினார். அமெரிக்க ஆண்டுகள் அவருடைய கலையில் ஆழமான தடம் எதையும் விட்டுச்செல்லவில்லை.

படைவீரர்களுக்காக நாடகம் போடும் அமைப்பில் பணியாற்றியபோது சந்தித்த ஹெலன் பெக் என்ற நடிகையை 1943-இல் அவர் மணந்தார். போருக்குப் பிந்தைய ஆண்டுகள் கடுமையானவை. வேடங்கள் கிடைக்காத மாதங்களில் குஷிங் பட்டுக் கழுத்துத்துணிகளில் கையால் ஓவியம் தீட்டி விற்றுக் குடும்பத்தை நடத்தினார். 1948-இல் லாரன்ஸ் ஒலிவியேயின் ‘ஹாம்லெட்’ படத்தில் ஆஸ்ரிக் என்னும் பகட்டான அரசவையினராக நடித்ததும், ஒலிவியே தலைமையில் ஓல்டு விக் நாடகக் குழு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மேற்கொண்ட நீண்ட பயணத்தில் சேர்ந்ததும் மதிப்பைத் தந்தனவேயன்றி நிலையான வருமானத்தைத் தரவில்லை. அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த தொலைக்காட்சியின் பக்கம் கணவரைத் திருப்பியவர் ஹெலனே. குஷிங் இங்கிலாந்து முழுவதும் அறிந்த முகமாக மாறியதற்கு அவருடைய இந்த அறிவுரைதான் காரணம்.

மேற்கு லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் பிபிசியின் லைம் குரோவ் படப்பிடிப்புக்கூடம் நின்ற இடத்தில் இன்று வீடுகளே உள்ளன; 1990-களில் அக்கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டதால், அத்தெருவில் நடப்பவர் தம் நினைவில் இருப்பதைத் தவிர வேறொன்றையும் காண இயலாது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை நைஜல் நீல் நாடகமாக்க, ருடால்ஃப் கார்ட்டியர் இயக்கத்தில் 1954 டிசம்பர் 12 அன்று பிபிசி இங்கிருந்து நேரலையில் ஒளிபரப்பியது. நேரலை என்பது, இன்றைய தொடர்களைப்போல முன்கூட்டிப் பதிவு செய்து திருத்துவதன்று. நடிகர்கள் அந்த நேரத்திலேயே அரங்குக்கு அரங்கு ஓடி நடிக்க, பார்வையாளர் அதை அப்போதே காண்பதாகும். கதைநாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தாகக் குஷிங் பட்ட சித்திரவதை பார்வையாளர்களைக் கலங்கடித்தது; கண்டனங்கள் எழுந்து, விவகாரம் நாடாளுமன்றம் வரை சென்றது. நான்கு நாள்களுக்குப்பின், அதாவது டிசம்பர் 16 அன்று, முழுக் குழுவும் மறுபடியும் கூடி நாடகத்தை மீண்டும் நேரலையாகவே நடித்தது. அந்த இரண்டாம் நிகழ்வு தொலைக்காட்சித் திரையைப் படச்சுருளில் பிடிக்கும் முறையில் பதிவு செய்யப்பட்டதால் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. உடைந்துபோன மனிதனாக இறுதிக் காட்சியில் குஷிங் அமர்ந்திருக்கும் விதத்தைக் கண்டவர்கள், அவரை வெறும் திகில் பட நடிகர் என்று ஒதுக்கமாட்டார்கள்.

மெய்டன்ஹெட்டில் இறங்கி விண்ட்சர் செல்லும் சாலையில் சென்றால், ப்ரே கிராமத்தைத் தாண்டியபின் தேம்ஸ் ஆற்றங்கரையில் டவுன் பிளேஸ் என்னும் பழைய மாளிகை இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் ஹேமர் என்ற சிறிய படநிறுவனம் இம்மாளிகைக்குக் குடியேறி, அதன் அறைகளையும் தோட்டத்தையும் படப்பிடிப்புத் தளங்களாக்கிக்கொண்டது. ப்ரே ஸ்டுடியோ என்று உலகம் அறிந்தது இதைத்தான். பெரிய நிறுவனங்களிடம் இருந்த பணம் ஹேமரிடம் இல்லை. ஒரு படத்துக்குப் போட்ட கோட்டை அரங்கை, வண்ணத்தையும் வளைவுகளையும் மாற்றி அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவதில் கலை இயக்குநர் பெர்னார்டு ராபின்சன் வல்லவர். ஆற்றங்கரையில் இதற்குப் பக்கத்திலேயே நிற்கும் ஓக்லி கோர்ட் என்ற கோபுர மாளிகையும் பல படங்களில் புறத்தோற்றமாகப் பயன்பட்டது. அது இப்போது தங்கும் விடுதியாக இருப்பதால், பயணிகள் அதன் புல்வெளியில் நின்று, திரையில் பார்த்த கூர்கோபுரங்களை நேரில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

1956-இன் இறுதியில் ப்ரே ஸ்டுடியோவில் படப்பிடிப்புத் தொடங்கி மறு ஆண்டு வெளிவந்த ‘தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்’, டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய வண்ணப்படம். உயிரற்ற உடலுறுப்புகளைக் கொண்டு மனிதனைப் படைக்க முயலும் விஞ்ஞானியாகக் குஷிங்கும், அவர் படைத்த உருவமாகக் கிறிஸ்டோபர் லீயும் நடித்தனர். திகிலின் மையம் அந்த உருவத்தில் இல்லை, அதைச் செய்யும் மனிதனிடம் உள்ளது என்பதை இப்படம் புரிந்துகொண்டிருந்தது. அறுவைக் காட்சிகளுக்காகக் குஷிங் ஒரு மருத்துவரிடம் விவரங்களைக் கேட்டறிந்தார்; படத்தில், குருதி படிந்த கையை எந்த யோசனையும் இன்றித் தம் மேற்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். வேலையில் மூழ்கிய எந்தத் தொழிலாளியும் செய்யக்கூடிய அந்த இயல்பான அசைவுதான் பார்ப்பவரை நடுங்கச் செய்கிறது. 1958-இல் வந்த ‘டிராகுலா’வில், அந்த இரத்தக்காட்டேரியை எதிர்க்கும் வான் ஹெல்சிங்காக நடித்தபோது, எந்நேரமும் சட்டைப்பையிலிருந்து சிலுவையை எடுத்துக் காட்டுவது நம்பத்தக்கதன்று என்று கருதிய அவர், உச்சக்காட்சியில் நீண்ட மேசைமேல் ஓடித் திரைச்சீலையைப் பற்றி இழுத்து வெயிலை உள்ளே விடுவதையும், அங்கே கிடைத்த இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்குவதையும் தாமே முன்மொழிந்தார். 1959-இல் ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ படத்தில் ஷெர்லக் ஹோம்ஸாக நடிக்கையில், அக்கதைகள் முதலில் வெளியான ‘ஸ்ட்ராண்ட்’ இதழின் ஓவியங்களைப் பார்த்துத் தம் உடையையும் நிற்கும் பாங்கையும் அமைத்துக்கொண்டார். கையில் எப்போதும் ஏதேனும் ஒரு பொருளோடு நடித்ததால் உடன் பணியாற்றியோர் அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தனர். லீயோடு இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் தோன்றியிருக்கிறார். திரையில் ஒருவரையொருவர் ஓயாமல் கொன்ற இவ்விருவரும் வெளியே வாழ்நாள் முழுவதும் நெருங்கிய நண்பர்களாக இருந்தனர்.

ப்ரேயில் உருவான குஷிங் படங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், அதில் பூதமும் இல்லை, கோட்டையும் இல்லை என்றே சொல்லவேண்டியிருக்கும். 1961-இல் எடுக்கப்பட்ட ‘கேஷ் ஆன் டிமாண்ட்’ ஒரு சிறிய கறுப்பு-வெள்ளைப் படம். கிறிஸ்துமஸை ஒட்டிய ஒரு நாளில் ஒரு வங்கிக் கிளைக்குள்ளேயே பெரும்பாலும் நடப்பது. சக ஊழியர்களை அற்பத் தவறுகளுக்காக வாட்டும், ஒழுங்கையே தெய்வமாகக் கொண்ட மேலாளராகக் குஷிங் வருகிறார்; காப்பீட்டு நிறுவன அதிகாரியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு கொள்ளையன், மேலாளரின் மனைவியையும் மகனையும் காட்டி மிரட்டி, அவர் கையாலேயே வங்கிப் பணத்தை எடுத்துக்கொடுக்க வைக்கிறான். கொள்ளையனாக நடித்தவர் ஆண்ட்ரே மோரெல். ‘1984’ நாடகத்தில் வின்ஸ்டனை வதைக்கும் ஓ’பிரையனாகவும், ‘பாஸ்கர்வில்ஸ்’ படத்தில் ஹோம்ஸின் நண்பர் வாட்சனாகவும் குஷிங்கோடு நடித்தவர் இவரே. படத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு பொருளையும் நேர்க்கோட்டில் வைத்துப் பழகிய அந்த விரல்கள், பணக்கட்டுகளைத் தொடும்போது சொன்னபடி கேட்க மறுக்கின்றன. ஒரு மனிதனின் ஆணவம் கரைவதைச் சில அறைகளுக்குள், வசனத்தின் துணையை அதிகம் நாடாமல் காட்டிய இந்நடிப்பு ஹேமரின் பெயர்பெற்ற படங்களின் நிழலில் மறைந்து கிடப்பது பெரும் இழப்பு.

மறுபடியும் விக்டோரியாவிலிருந்து, இம்முறை கிழக்குத் தடத்தில், ரோச்செஸ்டரில் மெட்வே ஆற்றைக் கடந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தால் விட்ஸ்டபிள் வருகிறது. நூற்றாண்டுகளாகச் சிப்பி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற சிறிய துறைமுக ஊர் இது. 1830-இல் கேன்டர்பரிக்கும் இவ்வூருக்கும் இடையே திறக்கப்பட்ட ரயில்பாதை, பயணிகளை ஏற்றிச் சென்ற உலகின் மிகப் பழைய பாதைகளுள் ஒன்று, அதன் தடத்தின் ஒரு பகுதியில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. பலகை வேய்ந்த மீனவர் வீடுகளும், தார் பூசிய மரக்குடில்களும், அலையின் வேகத்தைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் வரிசையாக அடிக்கப்பட்ட மரத்தடுப்புகளும் கொண்ட கூழாங்கல் கரையை ஒட்டி, கடலைப் பார்த்த ஒரு வீட்டைக் குஷிங் இணையர் 1950-களின் இறுதியில் வாங்கினர். நுரையீரல் நோயால் மூச்சுவிடத் துன்பப்பட்ட ஹெலனுக்குக் கடற்காற்று இதமளிக்கும் என்பதே இங்கு வந்ததற்குக் காரணம். கரையோரப் பாதையில் நடந்து செல்பவர்கள், அவ்வூர்மேலும் ஊராரின்மேலும் கொண்ட அன்பைத் தெரிவித்து இவ்விருவரும் அளித்த இருக்கையைக் காணலாம். மாலைச் சூரியன் கடலில் இறங்குவது நன்கு தெரியும் அவ்விடம் குஷிங்கின் பெயராலேயே வழங்குகிறது.

1971 ஜனவரியில் ஹெலன் இறந்தார். அவர் உடல்நிலை மோசமானபோது, ஒரு நாள் மட்டும் நடித்திருந்த ‘பிளட் ஃப்ரம் தி மம்மிஸ் டூம்ப்’ படத்திலிருந்து குஷிங் விலகி வந்துவிட்டார். இழப்புக்குப் பிறகு அவர் விரைவாக முதுமை அடைந்தார். அடுத்து வந்த ஒரு டிராகுலா படத்தில் இளம்பெண்ணின் தந்தையாக எழுதப்பட்டிருந்த அவருடைய பாத்திரத்தைப் பாட்டனாராக மாற்ற வேண்டியதாயிற்று. துயரத்தைத் தாங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, வந்த வாய்ப்பையெல்லாம் ஏற்று உழைப்பதே. 1972-இல் வெளியான ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ படத்தில் தமக்குத் தரப்பட்ட வேடத்தை விடுத்து, பக்கத்து வீட்டாரால் துன்புறுத்தப்படும் மனைவியை இழந்த முதியவர் கிரிம்ஸ்டைக்கின் வேடத்தை அவரே கேட்டுப் பெற்றார். அம்முதியவர் இறந்த மனைவியின் படத்தோடு பேசும் காட்சியில் அவர்முன் இருப்பது ஹெலனின் படம். தனிப்பட்ட துக்கத்தைக் கலைக்குப் பயன்படுத்துவது சரியா என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. ஆனால் அக்காட்சியில் குஷிங் அழுது புரளவில்லை, இரக்கத்தை யாசிக்கவில்லை. பழகிய ஒருவரோடு அன்றைய செய்திகளைப் பகிர்ந்துகொள்ளும் முதியவராக மட்டுமே இருக்கிறார். அந்த அடக்கமே கேள்விக்கு விடையாகிறது.

1976-இல் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புக்கூடத்தில் எடுக்கப்பட்டு மறு ஆண்டு வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’, டார்கின் என்னும் இரக்கமற்ற ஆளுநராக அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்திற்று. கொடுக்கப்பட்ட காலணிகள் பாதத்தை நெருக்கியதால், கால்கள் தெரியாத காட்சிகளில் வீட்டுச் செருப்போடு நடிக்க இசைவு பெற்றார். மிடுக்கெல்லாம் இடுப்புக்கு மேலே என்று தெரிந்துகொண்டு பார்த்தாலும் அந்த மிடுக்குக் குறைவதில்லை. அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின், 2016-இல் வந்த ‘ரோக் ஒன்’ படத்தில், கை ஹென்றி என்ற நடிகர் டார்கினாக நடிக்க, அவர் முகத்தின்மேல் கணினித் தொழில்நுட்பத்தால் குஷிங்கின் முகம் பொருத்தப்பட்டது. ஹாலிவுட்டில் முதல் வேலையாகத் தம் உருவம் வெட்டி நீக்கப்படுவதற்கென்றே நடித்த ஒருவருடைய முகம், இவ்வாறு அவரில்லாத படத்தில் ஒட்டப்பட்டது. சட்டப்படி உரிய ஒப்புதல் பெறப்பட்டது என்பது வேறு. அந்த உருவத்தில் குஷிங்கின் கன்ன எலும்புகளும் கூர்மையான பார்வையும் இருக்கின்றன. ஒரு காட்சிக்குள் நுழைந்ததும் எந்தப் பொருளை எடுப்பது, எப்போது அதைக் கீழே வைப்பது என்று தீர்மானித்த மனிதர் அதில் இல்லை. கை ஹென்றியின் உழைப்பை மதிப்பவர்களும், அவருக்குரிய முகத்தோடு அவ்வேடத்தை அவர் நடித்திருந்தால் இரு நடிகருக்கும் மரியாதையாக இருந்திருக்கும் என்றே எண்ணக்கூடும்.

விட்ஸ்டபிளின் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில், 1936-இல் திறக்கப்பட்ட பழைய சினிமா அரங்கம் ஒன்று இப்போது ‘தி பீட்டர் குஷிங்’ என்ற பெயரில் மதுக்கூடமாகச் செயல்படுகிறது. உள்ளே படச்சுவரொட்டிகளும் பழைய சினிமாக் கருவிகளும் வைக்கப்பட்டுள்ளன. ஆனால் நடிகரைத் தேடி வருபவர் அதே தெருவில் உள்ள ஊர் அருங்காட்சியகத்துக்குச் செல்வதே மேல். சிப்பித் தொழிலின் வலைகளுக்கும் படகுக் கருவிகளுக்கும் நடுவே, இவ்வூர்வாசிகளுள் ஒருவராகவே குஷிங்கும் அங்கே நினைவுகூரப்படுகிறார். அவர் நீர்வண்ண ஓவியர். சிறிய நாடக அரங்க மாதிரிகளைக் கையால் செய்தவர். பொம்மைப் போர்வீரர்களைச் சேர்த்து, வண்ணம் தீட்டி, எச். ஜி. வெல்ஸ் வகுத்த விதிகளின்படி தரையில் போர் விளையாட்டு ஆடியவர். நகரத் தெருக்களில் மிதிவண்டியில் சென்று, ஹார்பர் தெருவின் தேநீர்க்கடையில் வழக்கமான இடத்தில் அமர்ந்த முதியவரை ஊரார் வேறுபடுத்திப் பார்த்ததில்லை. சிகரெட் புகையால் விரல்கள் கறைபடாமலிருக்க வெள்ளைக் கையுறை அணிந்து புகைப்பது அவருடைய பழக்கம். விரல்களின் அண்மைக்காட்சி எப்போது தேவைப்படுமோ என்பதற்காக ஒரு நடிகர் எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கை அது.

1982-இல் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின்னரும் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அக்காலத்தில் தம் வரலாற்றை இரண்டு நூல்களாக எழுதினார், 1989-இல் அரசின் ஓபிஇ விருதைப் பெற்றார். 1994 ஆகஸ்ட் 11 அன்று, விட்ஸ்டபிளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கேன்டர்பரியில், தீராத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லம் ஒன்றில், தமது 81-ஆம் வயதில் காலமானார். பழைய ரயில்பாதையின் தடத்தை ஓரளவு ஒட்டிய பாதையில் மிதிவண்டியில் சென்றால் அந்நகரை ஒரு முற்பகலில் அடைந்துவிடலாம். வழியில் காடும் பழத்தோட்டங்களும் வருகின்றன.